முதல் பக்கத்தில் ஒரு திருத்தம்

நகரசபைக் கூட்டத்துக்கு வரும் நிருபர்கள் வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்துவார்கள். அவளுக்கு நிறுத்த ஒன்றும் இருக்காது. வெயிலில் நடந்து வந்து, வராந்தாவில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவாள்.

"கால்நடை வந்தாச்சு. தண்ணி காட்டுங்கப்பா" என்பான் ஒருவன்.

"காட்டு. உன் பங்குப் புல்லுல மிச்சம் இருந்தா அதையும் எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து பேனாவைத் திறப்பாள்.

அவள் கணவன் ஸ்கூட்டர் மெக்கானிக். ஊர் வண்டியெல்லாம் அவன் கையால் ஓடின. பெண்டாட்டி மட்டும் நடக்கிறாள் என்று பட்டறைக்கு வருகிறவர்கள் அவனைச் சீண்டினார்கள். மானம் போகிறதென்று ஒரு பழைய மொபெட்டைப் புதிதுபோல் ஆக்கி அவளிடம் கொடுத்தான். ஒரு வாரம் ஓட்டினாள். பிறகு வீட்டு ஜன்னலுக்குக் கீழே நிறுத்திவிட்டாள்.

"ஏன், ஸ்டார்ட் ஆகலையா?"

"ஆகுது. அதுல போனா ரோடுதான் தெரியுது. ரோட்டோரம் ஒண்ணும் தெரியலை."

அவன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மொபெட்டை மகள் எடுத்துக்கொண்டாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு மாலைப் பத்திரிகையில். அங்கே நிருபராக வந்தவள் அல்ல. தொலைபேசியில் செய்தி எடுக்க வந்தவள். சுற்றுவட்டாரத்தில் பத்திரிகை விற்கும் ஏஜெண்டுகள் அந்தந்த ஊர்ச் செய்தியைப் போனில் சொல்வார்கள். காதில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்ய வேண்டும். சொன்னதைத் தட்டுவதுதான் வேலை. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று இதழியல் பாடப்புத்தகத்தில் ஆறு கேள்விகள் இருக்கின்றன. அவள் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. அவளிடம் ஏழாவதாக ஒன்று இருந்தது.

"லாரி கவிழ்ந்துருச்சும்மா. மூணு பேருக்குக் காயம். போட்டுக்க."

"மூணு பேர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் சொல்றாங்க."

"அந்த எல்லாருல ஒருத்தர் பேரைச் சொல்லுங்க."

"ஏம்மா, நீ சேதி எடுக்கிறியா, வாக்குமூலம் எடுக்கிறியா?" என்று கேட்டுவிட்டு ஏஜெண்ட் ரிசீவரை வைப்பார். கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடி கூப்பிடுவார். மூன்று பேர் ஒருவராகியிருப்பார். சிலசமயம் லாரியே டிராக்டராகியிருக்கும்.

ஏஜெண்டுகள் ஆசிரியரிடம் புகார் செய்தார்கள். ஆசிரியர் பருமனானவர், எப்போதும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர். புகார்களைக் கேட்டுக்கொண்டார். அந்த வருடம் யாரும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பவில்லை என்பதையும் கவனித்திருந்தார். அவளைக் கூப்பிட்டார்.

"போன்ல இத்தனை பேரை நச்சரிக்கிறதுக்கு, வெளியில போய் நேர்லயே நச்சரிம்மா."

அப்படித்தான் அவள் நிருபரானாள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடி அறையில் ஊரின் நிருபர்கள் கூடுவார்கள். நீள மேஜை, சில நாற்காலிகள், காலொடிந்த பெஞ்சு, சுழலாத ஒரு மின்விசிறி. அங்கே ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு நிகழ்ச்சிக்கு ஒருவர் போவார். வந்து எழுதுவார். மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். பொதுக் காப்பி என்று அதற்குப் பெயர். எழுதுவதில் கைதேர்ந்தவனுக்கு 'கார்பன்' என்று பெயர் விழுந்திருந்தது. அடியில் கார்பன் தாள்களை அடுக்கி ஒரே அழுத்தில் எல்லாருக்கும் எழுதிவிடுவான். கெட்டவன் இல்லை. காய்ச்சலில் படுத்தவனுக்கும் சேர்த்து எழுதி, அவன் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுப்பான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அவள் மட்டும் பொதுக் காப்பி வாங்கமாட்டாள்.

"எங்க எழுத்து உனக்கு மட்டமாப் போச்சா?" என்றான் கார்பன்.

"உன் கண்ணுல தூசி விழுந்தா நீ கசக்கு. நான் எதுக்குக் கசக்கணும்?"

பொதுக் காப்பிக்குள் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. மாலைப் பத்திரிகைகள் நண்பகலில் அச்சுக்குப் போய்விடும். விழாக்கள் முடியவே நண்பகல் ஆகும். அதனால் விழா நடப்பதற்கு முன்பே, அழைப்பிதழை வைத்துக்கொண்டு செய்தியை எழுதிவிடுவார்கள். தலைமை யார், முன்னிலை யார் என்பது அதிலேயே இருக்கும். பேச்சுக்குப் போன வருடத்துப் பேச்சு போதும். அதைத்தான் அவர் இந்த வருடமும் பேசுவார். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது. அதனால் யாருக்கும் பயமில்லை.

ஊரின் கிழக்குக் கடைசியில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு சிறிய மருத்துவமனை இருந்தது. அங்கே புதிதாகப் பிரசவ வார்டு கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கத்துப் பெண்கள் வலி எடுத்தால் கேட் திறக்கும்வரை காத்திருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியிருந்தது. அதற்காகத்தான் வார்டு. திறப்பு விழா ஒரு திங்கட்கிழமை. அதே காலையில் நகரசபையில் வரி உயர்வு பற்றி அவசரக் கூட்டம். அவள் நகரசபைக்குப் போனாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது முதல் பக்கத்தில் கீழ்ப் பாதி காலியாகக் கிடந்தது.

"வார்டு திறப்பு எங்கம்மா?" என்றார் ஆசிரியர்.

"நான் ஒருத்திதானே சார். நகரசபையில இருந்தேன்."

"எல்லாப் பேப்பர்லயும் வரும். நம்ம பக்கத்துல ஓட்டையா விடச் சொல்றியா?"

அச்சுக்கூட ஃபோர்மேன் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவள் மாடி அறைக்கு ஓடினாள். கார்பன் ஒரு தாளை நீட்டினான். சிரிக்கக்கூட இல்லை.

அந்தத் தாளைப் பார்த்து அவள் எழுதினாள். முதல் வரி சப்பென்று இருந்தது. அவளுக்குச் சப்பென்ற வரி பிடிக்காது. அடித்துவிட்டு, 'கிழக்குப் பகுதித் தாய்மார்களுக்கு இனி இரவிலும் பகலிலும் இந்தக் கதவு திறந்தே இருக்கும்' என்று ஆரம்பித்தாள். ஆசிரியர் கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அன்று மாலை வந்த பத்திரிகைகளில் அவளுடையதுதான் நன்றாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். ஆட்டோ ஓட்டுபவர். காக்கிச் சட்டையின் பொத்தான்களை மேல்வரை போட்டிருந்தார். கையில் சுருட்டிய பத்திரிகை.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்" என்றாள் அவள்.

அவர் சத்தம் போடவில்லை. மேஜைமேல் பத்திரிகையை விரித்து, முதல் வரியில் விரலை வைத்தார்.

"திங்கட்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரிக்கு வலி எடுத்துச்சு. கேட் போட்டிருந்தான். சரி, இங்கதான் திறந்துட்டாங்களேன்னு இதைப் பாத்துட்டுத்தான் வண்டியைத் திருப்பினேன். பூட்டு தொங்குது. வாசல்ல குறுக்கே கட்டின ரிப்பன்கூட அவுக்கலை."

"விழா..."

"எந்த விழா? யாரும் வரலையாம். வரவேண்டியவருக்கு வேற வேலை வந்துருச்சாம்."

"குழந்தை?"

"என் வண்டியிலயே பிறந்துருச்சு. புறநோயாளி அறையில இருந்த நர்சம்மா ஓடி வந்தாங்க. அந்த ரிப்பனை வெட்டித்தான் வண்டியைச் சுத்தி துணி கட்டினாங்க. பொண்ணு நல்லா இருக்கா. அவங்கம்மாவுக்குத்தான் நிறைய ரத்தம் போயிருச்சு. பெரிய ஆஸ்பத்திரியில நேத்துத்தான் கண்ணு முழிச்சுப் பேசினா." அவர் பத்திரிகையை மறுபடி சுருட்டினார். "இத்தனை வருஷத்துல என் வண்டியில ஏறாமலே இறங்கின ஆளு அந்தப் பொண்ணு ஒருத்திதாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் லேசாகச் சிரித்தார்.

"நான் சண்டைக்கு வரலை. அடுத்து ஒருத்தன் இதைப் படிச்சுட்டு அங்க வண்டியைத் திருப்பக் கூடாது. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "உங்க வண்டியில கூட்டிட்டுப் போங்க" என்றாள். மொபெட்டை விட்ட பிறகு அவள் நடக்காமல் வண்டியில் போனது அன்று மட்டும்தான்.

வார்டின் கதவில் பூட்டு தொங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கட்டில்கள் இருந்தன. மெத்தைகள் பாலிதீன் உறைகளோடு சுவரில் சாய்ந்திருந்தன. கை கழுவும் தொட்டிக்குக் குழாய் வரவில்லை. சுவரில் ஓட்டை மட்டும் இருந்தது. காவலாளி வந்தார்.

"அந்தப் பிரசவத்துக்கு அப்புறம் யாராவது வந்தாங்களா?"

"வர்றாங்கம்மா. பேப்பரைக் காட்டிக்கிட்டே வர்றாங்க. நான்தான் வழி சொல்லித் திருப்பி அனுப்புறேன். நேத்துகூட ஒரு பொண்ணு. பாவம், உக்காரக்கூட முடியலை."

நர்சிடம் கேட்டாள். அவர் சொன்னதும் காவலாளி சொன்னதும் ஒன்றாக இருந்தன. பூட்டைப் படம் எடுத்தாள். சுவரில் இருந்த ஓட்டையையும் எடுத்தாள். பிறகு சுகாதார அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள்.

அதிகாரி மேஜைமேல் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். எல்லாப் பத்திரிகைச் செய்திகளும் வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. அவளுடையது முதலில் இருந்தது.

"விழா தள்ளிப்போச்சு. உண்மைதான். ஆனா பேப்பர்ல வந்துருச்சேம்மா. மேலிடத்துல இருந்து வாழ்த்தே வந்துருச்சு. அந்த வார்டுக்கு நர்ஸ் வேணும்னு கேட்டிருந்தேன். நடந்துக்கிட்டு இருக்கிற வார்டுக்கு எதுக்குப் புதுசா நர்ஸுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப நான் போய் இன்னும் திறக்கலைன்னு சொன்னா, யாரை நம்புவாங்க? நீங்களே எழுதியிருக்கீங்க, இரவிலும் பகலிலும்னு."

அவளுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. வார்டைப் பூட்டி வைத்திருந்த சாவிகளில் ஒன்று அவளுடையது.

"இன்னிக்கு நான் மாத்தி எழுதப் போறேன் சார். உங்க தரப்பு என்ன?"

"என்னை இழுக்காதீங்க."

"உங்க தரப்பு இல்லாம எழுதினா அது பாதிச் செய்தி. ஒரு வரி சொல்லுங்க."

அவர் யோசித்தார். "விரைவில் செயல்படும்னு போடுங்க."

"எப்போன்னு கேப்பாங்களே."

"விரைவில்."

அவள் அதை மேற்கோள் குறிகளுக்குள் எழுதிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் கார்பன் பக்கத்தில் வந்து சேர்ந்தான். சேதி அவனுக்கு வந்துவிட்டிருந்தது. வண்டியை நிறுத்தாமல் அவள் நடையின் வேகத்துக்கு உருட்டிக்கொண்டே வந்தான்.

"அக்கா, இதை எழுதினா ஒரு பேப்பர் இல்லை, எல்லாப் பேப்பரும் மாட்டும். எல்லாருக்கும் குடும்பம் இருக்கு."

"என் பேப்பரைப் பத்தித்தான் எழுதுறேன்."

"ஒரே எழுத்துன்னு ஊருக்குத் தெரியாதா? உனக்கு நான் உதவிதானே பண்ணேன்?"

"பண்ணே. நான் வாங்கியிருக்கக் கூடாது. நீ அங்க போனியான்னு நான் கேட்டிருக்கணும். ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டேன், உங்கிட்ட கேக்கலை."

கார்பன் வண்டியை நிறுத்திவிட்டான். அவள் நடந்து போனாள்.

அலுவலகத்தில் பக்கம் மூடும் நேரம். அவள் எழுதிக் கொடுத்ததை ஆசிரியர் நின்றபடியே படித்தார். 'கிழக்குப் பகுதி மருத்துவமனையின் பிரசவ வார்டு திறக்கப்படவில்லை. திறக்கப்பட்டதாகத் திங்கட்கிழமை இந்தப் பத்திரிகை வெளியிட்ட செய்தி தவறு. எங்கள் நிருபர் அந்த இடத்துக்குப் போகாமல் அதை எழுதினார். பிரசவத்துக்கு அங்கே போக வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும்.' அதற்குக் கீழே ஆட்டோக்காரர், நர்ஸ், காவலாளி, அதிகாரி ஆகியோர் சொன்னது வரிசையாக இருந்தது.

"இந்தப் பேப்பர் ஆரம்பிச்ச நாள்ல இருந்து நாம திருத்தம் போட்டதில்லை, தெரியுமா?"

"தெரியும் சார்."

"எல்லாரும் எழுதினாங்க. எல்லாரும் சும்மா இருக்காங்க. நாம மட்டும் தப்புன்னு சொன்னா, நாம மட்டும்தான் தப்பு பண்ணதா ஆகும்."

அவள் அங்கேயே நின்றாள்.

"சரி. நாலாம் பக்கத்துல சின்னதாப் போடுவோம்."

"தப்பைப் படிச்சவங்க முதல் பக்கத்துல படிச்சாங்க சார்."

ஆசிரியர் பேனாவை எடுத்தார். "அப்போ மூணாவது வரியை எடுத்துடறேன். நீ போகலைங்கறது எதுக்கு? உன் பேர்தான் கெடும்."

"வெட்டணும்னா கடைசியில இருந்து வெட்டுங்க சார். நீங்கதானே சொல்வீங்க, முக்கியமானது மேல, வெட்ட வேண்டியது கீழன்னு. அந்த வரி மேலதான் இருக்கணும்."

"இது உன் வேலைக்கே வினையா முடியும்."

"தெரிஞ்சுதான் எழுதினேன்."

ஃபோர்மேன் மறுபடி கதவில் வந்து நின்றார். அப்போது தொலைபேசி அடித்தது. அருகில் இருந்தவர் ஆசிரியர். எடுத்தார். அறை சின்னது, எதிர்முனைக் குரல் வெளியிலும் கேட்டது. வயதான ஆண் குரல்.

"ஐயா, பேப்பர் ஆபீஸுங்களா? கேட்டுக்கு இந்தப் பக்கம் புது ஆஸ்பத்திரி திறந்திருக்குன்னு போட்டிருந்தீங்களே. என் மகளுக்கு வலி எடுத்துருச்சு. இப்ப அங்க கூட்டிட்டுப் போகலாங்களா?"

ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இறக்கினார்.

"வேண்டாங்க. அங்க போகாதீங்க. அது இன்னும் திறக்கலை." மேஜைமேல் இருந்த அவள் தாளைப் பார்த்தார். "நாங்க தப்பாப் போட்டுட்டோம். நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. கேட் இப்ப திறந்துதான் இருக்கும், உடனே கிளம்புங்க."

ரிசீவரை வைத்தார். பிறகு அவள் எழுதிய தாளை எடுத்து ஃபோர்மேனிடம் கொடுத்தார்.

"முதல் பக்கம். அன்னிக்குப் போட்ட அதே இடம், அதே எழுத்து."

"தலைப்புங்க?"

"வார்டு திறக்கவில்லை. தவறு எங்களுடையது."

ஃபோர்மேன் நகரவில்லை. காது சரியாகக் கேட்கிறதா என்று ஒருமுறை தேய்த்துக்கொண்டார். பிறகு படியிறங்கி ஓடினார். அச்சு இயந்திரம் ஓட ஆரம்பித்தபோது தரை அதிர்ந்தது. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது.

பேருந்து நிலையத்தில் பத்திரிகை விற்பவன் தலைப்பைப் பார்த்துவிட்டு முதலில் தயங்கினான். பிறகு, "தப்பு எங்களுது, தப்பு எங்களுது" என்று கூவிக்கொண்டே பேருந்துகளுக்கு இடையில் ஓடினான். அப்படி ஒரு கூவலை ஊர் கேட்டதில்லை. ஜன்னல்களிலிருந்து கைகள் நீண்டன. இருட்டுவதற்குள் அவன் கை காலியாகிவிட்டது.

மறுநாள் மற்றப் பத்திரிகைகள் வாய் திறக்கவில்லை. ஆனால் அவற்றின் அலுவலகங்களில் போன் அடிக்க ஆரம்பித்தது. வாசகர்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "உங்க நிருபர் போனாருங்களா?" வார்டைப் பற்றி மட்டும் இல்லை. கல்லூரி விழாவுக்குப் போனாரா, கண்காட்சிக்குப் போனாரா என்று எதற்கெடுத்தாலும் கேட்டார்கள். ஒருவர் வானிலைச் செய்திக்குக்கூடக் கேட்டாராம்.

மாடி அறையிலிருந்து அவள் நாற்காலியைப் படிக்கட்டுக்குக் கீழே கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். "மேலயிருக்கிற ஃபேனைவிட இங்க காத்து நல்லா வருது" என்றாள். இரண்டு நாள் கழித்து ஒருவன் தன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு கீழே வந்தான். காற்றுக்குத்தான் வந்தேன் என்றான்.

சுகாதார அதிகாரி அவளுக்குப் போன் செய்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள்.

"அம்மா, உங்க பேப்பர்ல பத்து பிரதி வேணும். நர்ஸ் கேட்டு மறுபடி எழுதுறேன். கூட வச்சு அனுப்பணும்."

"விரைவில்?" என்றாள்.

"இந்தத் தடவை நிஜமாவே விரைவில்."

இந்தத் தடவை மேலிடத்தில் யாராலும் அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. குழாய்க்காரர்கள் வந்தார்கள். மெத்தைகளின் உறைகள் கிழிக்கப்பட்டன. இரண்டு நர்சுகள் மாற்றலாகி வந்து சேர்ந்தார்கள். விழா வேண்டாம் என்று அதிகாரியே சொல்லிவிட்டார். சில மாதம் கழித்து ஒரு காலையில் காவலாளி பூட்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். திறப்பு அவ்வளவுதான். அழைப்பிதழ் அடிக்கவில்லை. ஆகவே யாரும் முன்கூட்டி எழுதவும் முடியவில்லை.

அவள் நடந்து போய்ச் சேர்ந்தபோது வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஊரின் நிருபர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். காய்ச்சல்காரன்கூடக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தான். ஒருவன் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தான். இன்னொருவன் கட்டில்களை எண்ணிவிட்டு, நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினான். கார்பன் புதிய நர்சின் முன்னால் பேனாவோடு நின்றான்.

"நீங்க இங்க வேலையில சேர்ந்தாச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் உங்க முன்னாடி நிக்கிறேனே சார்" என்றார் அந்த நர்ஸ்.

அந்த நேரத்தில் ஒரு ஆட்டோ உள்ளே வந்து நின்றது. அவளுக்குத் தெரிந்த ஆட்டோதான். பின்கண்ணாடியில் முதல் பக்கத் திருத்தம் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. ஓட்டுநர் இறங்கி, வலியில் குனிந்திருந்த ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனார். கூட வந்த தாய் பின்னாலேயே ஓடினாள். கதவு திறந்தேதான் இருந்தது. நர்ஸ் திரும்பிப் பார்த்து, கூட்டமாக நின்ற நிருபர்களைக் கையால் விரட்டினார்.

"இது பிரசவ வார்டுங்க. ஆம்பளைங்க எல்லாம் வெளியில போங்க. எழுதுறதை அங்க நின்னு எழுதுங்க."

எல்லாரும் முற்றத்தில் நின்றார்கள். வெயில் ஏறியது. பக்கம் மூடும் நேரம் நெருங்கியது. யாரும் கிளம்பவில்லை. முன்கூட்டி எழுதிவிடலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. ஆட்டோக்காரர் வண்டியின் படியில் உட்கார்ந்து தன் மகள் குப்புறப் புரண்டு படுப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து குழந்தையின் அழுகைச் சத்தம் வந்தது. முற்றத்தில் நின்றவர்கள் ஒரே நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

கார்பன் அவள் பக்கம் சாய்ந்தான். "அக்கா, மணி எத்தனைன்னு போட்டே? ஆணா பொண்ணா, சொன்னாங்களா?"

"உன் கையிலயும் கடிகாரம் இருக்கு. கதவு அதோ இருக்கு. போய்க் கேளு."

அவன் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, கதவைத் தட்டப் போனான்.